நுரையோடு தெருவைக் கடந்தவர்

எங்கள் தெருப்பக்கம் தாடி வைத்த முடிவெட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அடுத்தவன் முகத்தைப் பார்க்கிற தொழிலில் இருந்துகொண்டு, தன் முகத்தில் ஒரு கத்தியும் படவிடாமல் நெஞ்சு வரைக்கும் வளர்த்திருந்தார். லாரி நிற்கிற மைதானத்துக்குப் பின்னால், டயர்க் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அவர் கடை. ஒரே நாற்காலி. கதவுக்கு மேலே தகரத்தில் 'இங்கே முடி வெட்டுவது மட்டும்' என்று எழுதியிருக்கும்.

நான் முப்பத்தாறு வயசில்தான் எழுத்துப் படித்தேன். லாரி வராத மத்தியானங்களில், சுமைக்காரர் சங்கத்து அறையில். எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் நான் படித்த முதல் வரி அந்தத் தகரத்து வரிதான். படித்த சந்தோஷத்தில், "ஏன் மட்டும்?" என்று டீக்கடையில் கேட்டுவிட்டேன்.

"அதை அவர்கிட்ட போய்க் கேட்டுடாதே லோடு. கத்தரிக்கோலாலேயே காதை எடுத்துடுவார்" என்றார் டீ ஆற்றுகிறவர்.

என்னை எல்லோரும் லோடு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பத் தோன்றாது.

ஏன் மட்டும் என்கிற கதை தெருவுக்கே தெரிந்ததுதான். பெரியவர், சின்னவர் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். கிடங்குத் தெருவில் ஒரே கடை, இரண்டு நாற்காலி. காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒருத்தருக்கு ஒருத்தர் சவரம் பண்ணிக்கொள்வார்கள். முதல் முகம் சொந்த முகமாக இருந்தால், கத்தி அன்றைக்கு என்ன குணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது பெரியவர் கணக்கு. சின்னவருக்கு இடது கைப் பழக்கம். நாற்காலிக்கு இடப்பக்கம் நின்று இடது கன்னத்தில் தொடங்குவார். அப்புறம் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வலது கன்னத்தை முடிப்பார். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது கூச்சம். "பெரியவர் வரட்டும்" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார்களாம்.

ஒரு நாள் காலையில் அண்ணனுக்கு இடது கன்னம் முடியப்போகிற நேரம், காதுக்குக் கீழே கத்தி இழுத்துவிட்டது. ஒரு நூல் நீளம். நுரையில் சிவப்பு இறங்கியது. பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். "இந்தக் கை முகத்துக்கு ஆகாதுன்னு எத்தனை தடவைடா சொல்றது" என்று பெரியவர் எழுந்தார். கழுத்தில் துணி தொங்க, வலது கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, படி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார். எதிர்க்கடைக்காரர் மீதிப் பாதியை முடித்து அனுப்பினார்.

சின்னவர் வாசலுக்கு வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு கத்தியைத் துடைத்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்கு அப்புறம் ஒரு முகத்திலும் அவர் கத்தி வைக்கவில்லை. அவர் முகத்தில் வைக்கிற கை அண்ணன் கையாக இருந்தது. அதுவும் இல்லாமல் போனதும் தாடியை விட்டுவிட்டார். பதினோரு வருஷம்.

நான் குடிவந்தது அதற்கு ரொம்பப் பிறகு. பெரியவர் கடைக்குப் பின்னால் வரிசையாக அறைகள். இரண்டு அறை அவர் வீடு, அடுத்த அறை என்னுடையது. நடுவில் ஒரு செங்கல் சுவர். பெரியவர் வீட்டில் அவரும் அவர் சம்சாரமும்தான். நான் அக்கா என்பேன். அவர்கள் மகள் கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டாள்.

எனக்குக் கடிகாரம் அந்தச் சுவர்தான். காலையில் பெரியவர் தோல்வாரில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்கும். போகும்போது ஒரு சத்தம், வரும்போது வேறொரு சத்தம். முப்பது தடவை போய் வரும். இருபது கேட்டதும் எழுந்து உட்காருவேன்; முப்பதில் சட்டை போட்டிருப்பேன்.

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில், சத்தம் பதினேழில் நின்றது. போனது, வரவில்லை. நான் பாய் மேலேயே காத்திருந்தேன். அப்புறம் அக்கா சுவரைத் தட்டினார்கள்.

வார் கையிலேயே இருக்க, பெரியவர் தரையில் கிடந்தார். அவரை முதுகில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மெயின் ரோடு வரை நடந்தேன். மூட்டை என்றால் முதுகோடு ஒட்டும். மனிதன் ஒட்டமாட்டான், வழுக்கிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அவர் வலப்பக்கமாக வழுக்கிக்கொண்டே வந்தார்.

இருபத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கை, வலது கால், வலப்பக்க முகம் மூன்றும் போயிருந்தது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. சரி. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி. கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சரி, சரி, சரி.

"நாப்பது வருஷமா நான் என்ன சொன்னாலும் ஒரு தடவைகூட சரின்னு சொன்னதில்ல லோடு" என்றார்கள் அக்கா. "இப்ப வட்டியும் முதலுமா சொல்றார்." சிரித்தார்கள். பிறகு முந்தானையை எடுத்து அவர் வாயோரம் துடைத்தார்கள்.

அந்த வாயோரம்தான் பிரச்சினையாகப் போனது. இறங்கிப்போன வலப்பக்கம் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். குடிக்கிற கஞ்சியில் பாதி அந்தப் பக்கம் இறங்கும். ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலிருந்து யாரும் முகம் வழிக்கவில்லை. தாடி முளைத்து, வழிந்ததெல்லாம் அதில் காய்ந்து, தாடைக்குக் கீழே தோல் அவிந்து புண்ணாகிவிட்டது. நாற்றம் வந்தது. தலைவாராத ஆளைக்கூடக் கடைக்குள் விடாத மனுஷன் அவர். கண்ணாடி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டார்.

வாரம் ஒருமுறை வருகிற நர்ஸம்மா பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

"இந்த முடியை எடுக்காம மருந்து போட்டு என்ன பிரயோஜனம்? புண் உள்ள இறங்கிடும். இந்த உடம்பு ஒரு காய்ச்சலைத் தாங்காது, பாத்துக்கங்க."

"எடுத்துடறோம்மா" என்றார்கள் அக்கா.

"அவசரப்பட்டு வெட்டிடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுக்கிறோம். சின்னக் கீறல் பட்டாலும் லேசுல நிக்காது."

வழித்தாக வேண்டும், கீறல் படக்கூடாது. அக்கா அன்றைக்கு முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினார்கள்.

மகள் வாங்கி அனுப்பின சவர மிஷினை முதலில் வைத்துப் பார்த்தோம். தொங்கின தோலைக் கவ்விக்கொண்டது. இடது கையால் பெரியவர் அதைத் தட்டிவிட்டதில் மிஷின் கட்டிலுக்கு அடியில் போய் உறுமியது. அக்கா பிளேடு வாங்கிப் பார்த்தார்கள். அவர் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் எதிர்க்கடைக்காரர் தானாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன். "என்ன பங்காளி, நம்ம கடைக்கு ஒரு தடவை வந்தீங்க, இப்ப கடையே உங்ககிட்ட வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே பிரஷை நனைத்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பெரியவர் உதட்டை இறுக்கி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எதிர்க்கடைக்காரர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிரஷை உதறினார்.

"இவருக்கு வேற கை வேணும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் டயர்க் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சின்னவர் ஒரு டிரைவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"பதினோரு வருஷமா கத்தி பிடிக்கல லோடு. நான் வெட்டுறது முடி. போர்டு பாக்கல?"

"பாத்தேண்ணே."

"படிச்சேன்னு சொல்லு. படிக்கத் தெரியும்ல இப்ப."

"புண்ணு பெருசாகுதுண்ணே."

"ஆஸ்பத்திரியில ஆள் இல்லையா? எதிர்க்கடை இல்லையா? பக்கம்தானே, நடந்து போற தூரம்தானே."

டிரைவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னவர் அவன் தலையைப் பிடித்து நேராக வைத்தார். "ஆடாம இரு. ஆடினா பழி எனக்கு வரும்."

அதைப் போய் அப்படியே சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார்கள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "அவர்கிட்ட உக்காந்திரு" என்று சொல்லிக் கிளம்பினவர்கள், வாசல் வரை போய்த் திரும்பி, "இல்ல, நீயும் வா. நான் தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார்கள். பக்கத்து அறைக்காரியைப் பெரியவரிடம் உட்காரவைத்துவிட்டுப் போனோம்.

கடையில் வேறு ஆள் இல்லை. அண்ணியைப் பார்த்ததும் சின்னவர் எழுந்து நின்றார். துண்டால் நாற்காலியைத் தட்டினார். அக்கா உட்காரவில்லை.

"தம்பி, அன்னைக்கு உன் கை தப்பல" என்றார்கள்.

அவர் துண்டை மடிக்கத் தொடங்கினார்.

"நான் வாசல்ல வந்து பீரோ சாவி எங்கன்னு கேட்டேன். அவர் திரும்பினார். அதுலதான் பட்டுச்சு. அவருக்கும் தெரியும். சாயங்காலமே என்கிட்ட சொன்னார், நான்தான் திரும்பினேன்னு. போய்ச் சொல்லுங்கன்னேன். நாளைக்குன்னார். அந்த நாளை வரவே இல்ல."

"சாவி கிடைச்சுதா அண்ணி?"

அக்கா புடவையின் இடுப்புப் பக்கத்தைத் தொட்டார்கள். "இங்கயே இருந்துச்சுப்பா. என் இடுப்புலயே சொருகியிருந்தேன்."

டயர்க் கடையில் சக்கரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க சாவி கேட்டது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி" என்றார் சின்னவர். "அவர் திரும்பினதும் தெரியும். உக்காந்திருக்கிற ஆளு திரும்பத்தான் செய்வான். தும்முவான். வாசல்ல குரல் கேட்டா நான்தான் கத்தியை எடுத்திருக்கணும். எடுக்கல. அது என் தப்புதான். அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல."

"அப்புறம் ஏம்ப்பா?"

"திட்டட்டும். அறையட்டும். கத்தியைப் பிடுங்கி வீசட்டும். அத்தனை பேர் முன்னாடி மீதி நுரையோட எழுந்து போனாரே. அந்த மீதிப் பாதியை எவனோ ஒருத்தன்கிட்ட குடுத்தாரே." அவர் குரல் ஏறவில்லை. "அதைத்தான் என்னால விழுங்க முடியல."

அக்கா தலையை ஆட்டினார்கள். ரொம்ப மெதுவாக, "இப்ப எங்கயும் எழுந்து போக மாட்டார்ப்பா" என்றார்கள்.

அதைச் சொன்னதும் அவர்களுக்கே அழுகை வந்துவிட்டது. நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், மழை விட்டுக் கொஞ்சம் வெயில் அடித்த நேரம், சின்னவர் வந்தார். தாடியை ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. அண்ணனைப் பார்க்கவில்லை, நேராகக் கடைப் பக்கம் போய் மேசை இழுப்பறையைத் திறந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றின மூன்று கத்திகள் இருந்தன. ஈரக் காற்றில் இரண்டில் துருப் புள்ளி ஏறியிருந்தது. மூன்றாவதை எடுத்து நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். சாணைக் கல்லை நனைத்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் கல்லில், பிறகு வாரில்.

சத்தம் வந்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார். போகும்போது ஒரு சத்தம், வரும்போது வேறொரு சத்தம். ஆனால் இது இடது கைச் சத்தம். நானே பிடித்துவிட்டேன் என்றால் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் எண்ணினேன். முப்பது.

என் வேலை தூக்குவது. அவரை அள்ளி, கடை நாற்காலியில் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். வைத்ததும் வலப்பக்கம் சரிந்தார். அது எப்போதும் உள்ளதுதான். நனைந்த மூட்டை நனைந்த பக்கம் சரிகிற மாதிரி, எப்போது உட்காரவைத்தாலும் அவர் பாரம் முழுக்க என் வலது கை மேல்தான் விழும். நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் நிற்க ஆசைப்படும்போதெல்லாம் என்ன செய்வார் என்பதும் எனக்குப் பாடம். முதலில் நல்ல காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார். உடனே என் இரண்டு கையும் லேசாகும். நான் தூக்க வேண்டியதுதான். ஒற்றைக் காலில் நின்றுவிடுவார்.

அக்கா வெந்நீர் கொண்டுவந்தார்கள். சின்னவர் துணியை நனைத்துப் பிழிந்து முகத்தில் போர்த்தினார். எடுத்தார், மறுபடி நனைத்தார். நாலு தடவை. காய்ந்திருந்ததெல்லாம் ஊறி வந்தது. கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து பிரஷால் பூசினார். அண்ணன் முகத்தைத் தொட்டது அதுதான் முதல். பெரியவர் கண்ணாடியில் தம்பியைப் பார்த்தார். தம்பி நுரையை மட்டும் பார்த்தார்.

"சரி" என்றார் பெரியவர்.

"எல்லாத்துக்கும் அதான் சொல்றார்" என்றார்கள் அக்கா, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"சொல்லட்டும்."

சின்னவர் பழையபடி நாற்காலிக்கு இடப்பக்கம் நின்றார். இடது கன்னம் சுலபமாகப் போனது. உயிர் இருக்கிற பக்கம் தானாக ஒத்துழைத்தது. கத்தி வருகிறது என்றால் கன்னம் உப்பும். மேலுதடு என்றால் உதடு மடங்கும். தாடை என்றால் கழுத்து நீளும். சவரத்தில் பாதி வேலை உட்கார்ந்திருக்கிறவன் பார்ப்பது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காதுக்குக் கீழே, ஒரு பழைய வெள்ளைக் கோடு. நூல் நீளம்தான். சின்னவர் கத்தி அதைத் தாண்டும்போது மட்டும் நின்று போனது.

பிறகு முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வலது பக்கம் வேறொரு முகம். தோல் பிடிக்குப் பிடி வந்தது. கன்னம் உப்பவில்லை. இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றது. வலித்தால் சுளிக்கும், சுளித்தால் கை நிற்கும். அந்தச் சுளிப்பு இல்லை. சின்னவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வலது கையின் கட்டை விரலை அண்ணன் வாய்க்குள் விட்டு, உள்ளேயிருந்து கன்னத்தைத் தள்ளிப் பிடித்தார். பால் குடிக்காத பிள்ளைக்கு வாய் திறப்பது போல இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கடிச்சுடாதே" என்றார் சின்னவர். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனிடம் பேசின முதல் பேச்சு.

"சரி."

ஒரு அங்குலம் வழிப்பார், துடைப்பார், பார்ப்பார். புண்ணைச் சுற்றி முடிமுடியாக எடுத்தார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி, கட்டின தாடிக்குள் போனது. எனக்குத் தோள் கடுத்தது. தொண்ணூறு கிலோ மூட்டையை மேலே ஏற்றிவிடலாம்; அறுபது கிலோ மனிதனை அசையாமல் பிடிப்பது பெரிய பாடு.

புண் பக்கம் முடிந்துவிட்டது. தாடை எலும்புக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் பாக்கி. அங்கே கத்தி பட்டுவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் திரும்பவில்லை. தொங்கின தோலில் பார்வைக்குத் தெரியாத ஒரு மடிப்பு.

பெரியவருக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. சின்னவர் கை அந்தரத்தில் நின்றது. நுரை சிவந்தது, சிவப்பு கழுத்துத் துணியில் இறங்கியது. நர்ஸம்மா சொன்னது பொய்யில்லை. அப்போதுதான் பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார்.

நல்ல கால் நாற்காலிக்கு அடியில் போயிற்று.

என் இரண்டு கையும் லேசாயிற்று. எழுந்திருக்கப் போகிறார். தூக்குவதா, அமுக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்குவதுதான் என் பழக்கம். ஒரு மூச்சு விடுகிற நேரம் அவர் பாரம் நாற்காலியிலும் இல்லை, என்னிடமும் இல்லை. அப்படியே அந்தக் காலில் நின்றது.

அப்புறம் கால் மெல்ல முன்னால் வந்தது. பாதம் தரையில் படிந்தது. பாரம் என் மேல் திரும்பி வந்தது. ஆனால் வலது கையில் வரவில்லை. இடது கையில் வந்தது.

சின்னவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். ரத்தம் நிற்கவில்லை. துணியை மடித்து, அண்ணன் முகத்துக்குக் குறுக்கே கையை நீட்டி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்றார்கள் அக்கா. "கையை எடுத்தா ஊத்தும் அண்ணி. பத்து நிமிஷம் பாப்போம்" என்றார். பத்து நிமிஷம் பார்த்தோம். இருபது பார்த்தோம். மீதி இருந்த நுரை காய்ந்து உதிர்ந்தது. தெருவில் மறுபடி மழை தொடங்கியது. எதிர்க்கடைக்காரர் தன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் விரலை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. மரத்துப்போன கட்டை விரலை உதறிவிட்டு, மறுபடி பிரஷை நனைத்தார். அந்த இரண்டு விரல் அகலத்தையும் முடித்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தார். வந்தால் வார், வெந்நீர், கத்தி. பேச்சு பெரிதாக இல்லை. "திரும்பு", "சரி", அவ்வளவுதான். புண் ஆறிப் புதுத்தோல் வந்தது. நர்ஸம்மா, "யார் பண்ணினது? ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, எங்களுக்கு ஆள் வேணும்" என்றார்கள். பெரியவர் கண்ணாடிப் பக்கம் முகம் திருப்ப ஆரம்பித்தார். மொத்தம் ஆறு தடவை. ஏழாவதற்கு முந்தின நாள் மறுபடியும் பக்கவாதம் தாக்கியது. இந்தத் தடவை நான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை சின்னவர்தான் முகம் வழித்தார். என்னைப் பிடிக்கக் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அக்கா மகளோடு போய்விட்டார்கள். பீரோவைக் காலி பண்ணி, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் துலக்குகிற சத்தமும் நின்றுவிட்டது. நான் இரண்டு நாள் வேலைக்குப் பிந்திப்போனேன்.

ஒரு மத்தியானம் லாரிக்குக் காத்துக்கொண்டு சின்னவர் கடையில் ஒதுங்கினேன். தகரம் அப்படியே தொங்கியது. தாடியும் அப்படியே. கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"தெருவே சொல்லுது லோடு, அண்ணனும் தம்பியும் ஒண்ணாயிட்டாங்க, போற நேரத்துல மனசு குளிர்ந்து போனார்னு" என்றார். "எனக்குத்தான் ஒண்ணும் குளிரல. அன்னைக்கு ரெண்டாவது தடவையும் வெட்டிட்டேன். எழுந்து போகலையேன்னு எல்லாரும் சொல்றாங்க. எழுந்து போக முடியாதவரை உக்காரவெச்சு வழிச்சதுல என்ன இருக்கு? கால் இருந்திருந்தா போயிருப்பார். மறுபடியும் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணே, நீங்க பாக்கலையா?"

"எதை?"

அவர் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் ரத்தத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நானும் சொல்லவில்லை. இறக்கிவைத்த பாரத்தைப் பற்றிப் பேசுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தெரிந்தது எனக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

"எழுந்திருக்கப் பாத்தார்ணே. நல்ல காலை இழுத்துக்கிட்டார். நான் கொஞ்சம் கை குடுத்திருந்தா நின்னிருப்பார். நின்னா, அவரைத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோயும் விட்டிருப்பேன். அப்புறம் அவரே காலை நீட்டிட்டார்."

எண்ணெய் விடுவது நின்றது.

"அதோட சாஞ்சார்."

"அவர் எப்பவும் சாயிறவர்தானே. வலது பக்கம் விழுந்துட்டிருப்பார்."

"வலது பக்கம் இல்லண்ணே. உங்க பக்கம்."

"நீ மூட்டை தூக்குறவன். உனக்கென்ன தெரியும்?"

"மூட்டை எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும்ணே" என்றேன். "அந்தப் பக்கம் அவரா சாஞ்சாத்தான் உண்டு. நீங்க விரலை எடுக்கிற வரைக்கும் சாஞ்சிருந்தார். முக்கால் மணி நேரம் என் வலது கையில ஒரு பாரமும் இல்ல."

சின்னவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். எழுந்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற அந்த ஒற்றை நாற்காலியில் போய், கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பின்னாடி வா" என்றார். "அவரைப் பிடிச்ச மாதிரி பிடி."

அக்குளில் கை கொடுத்துப் பிடித்தேன். வலது காலையும் வலது கையையும் செத்ததுபோல விட்டுவிட்டார். பாரம் என் வலது கைக்கு வந்தது.

"இப்படித்தானே இருப்பார்."

"ஆமாண்ணே."

இடது காலை உள்ளே இழுத்தார். நீட்டினார். மெதுவாக இடப்பக்கம் வந்தார்.

"இவ்வளவா?"

"இல்லண்ணே. இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவா?"

"இன்னும்."

அவர் இடப்பக்கத்தில் யாரும் இல்லை. அங்கே ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் இருந்தது. தாடி அந்தப் பக்கம் தொங்க, நாற்காலிக் கையைத் தாண்டி அவர் தலை போயிற்று. என் வலது கை லேசாயிற்று.

"இதுதாண்ணே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. மைதானத்தில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். கையை எடுத்தால் விழுந்துவிடுவார்.